மேடைக்குக் கீழிருந்து வரும் கேள்விகள்: கருத்தரங்கில் கைபேசிக்கு என்ன வேலை?

நம்மூர்க் கருத்தரங்குகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. வரவேற்புரை நீளும், தலைமையுரை அதைவிட நீளும், சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடிக்கும்போது மணி பன்னிரண்டரை ஆகி, பின்பக்கம் இலை போடும் சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கும். நன்றியுரைக்கு முன் ஐந்து நிமிடம் மிஞ்சினால் ‘கேள்வி இருந்தால் கேட்கலாம்’ என்பார்கள். எல்லாக் கூட்டத்திலும் எழுந்திருக்கிற அதே இரண்டு பேர் எழுந்திருப்பார்கள். ஒருவர் கேள்வி கேட்பார். இன்னொருவர் கேள்வி என்ற பெயரில் தனியாக ஒரு சொற்பொழிவே நடத்திவிடுவார். மற்றவர்கள் குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

‘செல்போனை அணைத்து வையுங்கள்’ என்று மேடையில் சொல்லி யாரும் அணைத்ததில்லை. சரி, அந்தக் கைபேசி வழியாகவே அவர்களைக் கூட்டத்துக்குள் இழுத்தால் என்ன? நிகழ்ச்சி நடத்தித் தரும் நிறுவனங்கள் ‘ஆடியன்ஸ் எங்கேஜ்மென்ட்’ என்று கட்டணப் பட்டியலில் போடுவது இதைத்தான். முதல்முறையாக ஒரு கூட்டம் நடத்தப் போகிறவர்களும், ‘சோஷியல் மீடியா உன் பொறுப்பு’ என்று தலையில் கட்டப்பட்ட கல்லூரி மாணவர்களும் இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டு இறங்கினால் பணமும் மானமும் மிஞ்சும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் பேச்சு மூன்று திசைகளில் ஓடுகிறது. பார்வையாளரிடமிருந்து மேடைக்குப் போவது ஒன்று: கேள்வி, வாக்கெடுப்பு. பார்வையாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது இன்னொன்று: ஹேஷ்டேக், வாட்ஸ்அப் குழு. அரங்கத்திலிருந்து வெளியே போவது மூன்றாவது: நேரலை, படங்கள், ஒரு நிமிடக் காணொளிகள். ஒன்றுக்கு ஏற்பட்ட கருவியை இன்னொன்றுக்குப் பயன்படுத்தும்போதுதான் பெரும்பாலான குளறுபடிகள் நடக்கின்றன.

ஹேஷ்டேக்கும் பெரிய திரையும்

ட்விட்டர் தொடங்கியது 2006இல். அது பரவலாகத் தெரியவந்தது 2007 மார்ச்சில், அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடக்கும் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில். விளம்பரப் பலகை எதையும் வைக்காமல், ஆட்கள் நடமாடும் கூடத்தில் இரண்டு பெரிய பிளாஸ்மா திரைகளை நிறுத்தி, அங்கே வந்திருந்தவர்கள் எழுதும் குறுஞ்செய்திகளை அதில் ஓடவிட்டார்கள். எந்த அறையில் பேச்சு நன்றாக இருக்கிறது, எங்கே போரடிக்கிறது என்பதெல்லாம் திரையில் தெரிந்தது. அந்த நாட்களில் தினசரி ட்வீட்டுகள் ஏறத்தாழ 20,000இலிருந்து 60,000 ஆயின.

ஆனால் எந்தச் செய்தி எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று பிரிக்க அப்போது வழியில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெசினா என்பவர், குழுக்களைக் குறிக்க # அடையாளத்தைப் போட்டால் என்ன என்று ட்விட்டரில் கேட்டார். எடுத்துக்காட்டாக அவர் எழுதியது ‘#பார்கேம்ப்’. பார்கேம்ப் என்பது முன்கூட்டிப் பேச்சாளர் பட்டியல் போடாத கூட்டம். வந்தவர்களே காலையில் பலகையில் தலைப்பை எழுதி, யார் எங்கே பேசுவது என்று முடிவு செய்துகொள்வார்கள். 2006இல் சென்னையிலும் ஒன்று நடந்தது. ஆக, இன்று சினிமா டிரெய்லர் முதல் தேர்தல் வரை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹேஷ்டேக் முதன்முதலில் சுட்டியது ஒரு கூட்டத்தைத்தான்.

கூட்டத்துக்கு ஹேஷ்டேக் வைப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. சுருக்கமாக வையுங்கள், வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா என்று தேடிப் பாருங்கள், அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, சுருக்கப் பெயரில் ஒன்று என மூன்று வைத்தால் எதிலும் ஆள் சேராது.

வித்தை எல்லாம் அந்தப் பெரிய திரையை எங்கே வைப்பது என்பதில்தான். 2009 நவம்பரில் நியூயார்க்கில் வெப் 2.0 எக்ஸ்போ என்ற மாநாடு நடந்தது. சமூக ஊடக ஆய்வாளர் டானா பாய்ட் பேசினார். அவர் முதுகுக்குப் பின்னால் பெரிய திரையில் பார்வையாளர்களின் ட்வீட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. மேடை விளக்கின் கூச்சத்தில் எதிரே இருப்பவர்கள் முகம் அவருக்குத் தெரியவில்லை. பதற்றத்தில் வேகமாகப் பேசினார். ‘ஏன் இவ்வளவு வேகம்?’ என்று தொடங்கிய ட்வீட்டுகள் கிண்டலாகி, கிண்டல் எல்லை மீறியது. அரங்கம் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது அந்த அரங்கத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியவில்லை: பேசிக்கொண்டிருந்தவருக்கு. அந்த அனுபவத்தைப் பிறகு அவரே விரிவாக எழுதினார்.

இதைப் படித்துவிட்டுப் பார்வையாளர்களைத் திட்டுவது சுலபம். எனக்கு அமைப்பாளர்கள் மேல்தான் வருத்தம். பார்வையாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை, அதாவது நான் சொன்ன இரண்டாவது திசையை, மேடைக்கு மேலே ஏற்றினார்கள். ஆனால் மேடையில் இருப்பவருக்கு மட்டும் அதைக் காட்டவில்லை. பேச்சாளர் பார்க்க முடியாத எதையும் அவர் முதுகுக்குப் பின்னால் ஓடவிடக் கூடாது. பதிவுகளைத் திரையில் காட்டியே ஆக வேண்டும் என்றால் தேநீர் இடைவேளையில், சாப்பாட்டுக் கூடத்தில் காட்டலாம். அங்கேயும் ஒருவர் பார்த்து அனுமதித்த பிறகே திரைக்குப் போக வேண்டும். தானாக ஓடவிட்டால் பத்தாவது நிமிடத்தில் யாரோ தன் வகுப்புத் தோழனின் பட்டப்பெயரை எழுதுவான். பதினைந்தாவது நிமிடத்தில் கட்சிச் சண்டை வந்துவிடும்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2023இல் ட்விட்டர், மற்ற மென்பொருள்கள் தன் பதிவுகளை இலவசமாக எடுத்துக்கொள்ளும் வசதியை நிறுத்தியது. அதை நம்பியிருந்த பல திரைக் கருவிகள் முடங்கின அல்லது விலை ஏறின. பழைய வழிகாட்டிகளைப் படித்து ‘ட்வீட் சுவர்’ வைக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இன்று நம் பக்கத்தில் கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் இருப்பது வாட்ஸ்அப்தான்.

கேள்வி மேடைக்குப் போகும் வழி

ஸ்லைடோ, மென்டிமீட்டர் போன்ற கருவிகள் முதல் திசைக்கு உரியவை. ஸ்லைடோ ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் 2012இல் தொடங்கப்பட்டு, பிறகு சிஸ்கோவின் கைக்குப் போனது, மென்டிமீட்டர் சுவீடன்காரர்களுடையது. வேலை செய்யும் விதம் ஏறத்தாழ ஒன்றுதான். திரையில் ஒரு க்யூஆர் குறியீடு இருக்கும். ஸ்கேன் செய்தால் ஒரு பக்கம் திறக்கும். செயலி எதுவும் இறக்க வேண்டாம். கேள்வியைத் தட்டச்சு செய்யலாம், பெயர் போடலாம், போடாமலும் விடலாம். மற்றவர்கள் எழுதிய கேள்வி பிடித்திருந்தால் ‘எனக்கும் இதே சந்தேகம்’ என்பதுபோல ஒரு கட்டைவிரலைத் தட்டலாம். அதிகம் தட்டப்பட்ட கேள்வி மேலே ஏறும்.

பெயர் போடாமல் கேட்கலாம் என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்வரிசையில் துறைத் தலைவர் உட்கார்ந்திருக்கும்போது முதலாண்டு மாணவி எழுந்து ‘இந்த மென்பொருள் நம் ஆய்வகத்தில் ஏன் இல்லை?’ என்று கேட்க மாட்டாள். எழுதுவாள். கிராம நிர்வாக அலுவலர்களுக்கான பயிற்சியில் மாவட்ட ஆட்சியர் மேடையில் இருந்தாலும் இதே கதைதான்.

க்யூஆரை ஸ்கேன் செய்வது எப்படி என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டீக்கடைகள் அந்த வேலையை முடித்துவிட்டன. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு இதை உருவாக்கியது வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க. கறை பட்டாலும் கிழிந்தாலும் படிக்கும்படி, உச்ச அளவில் சுமார் 30 சதவீதம் சேதத்தைத் தாங்கும் திறன் அதற்கு உண்டு. தூரத்தைத் தாங்கும் திறன் கிடையாது. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பத்துக்கு ஒன்று என்று ஒரு பொதுக் கணக்கு சொல்வார்கள்: கடைசி வரிசை திரையிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருந்தால் குறியீடு ஒன்றரை மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். ஸ்லைடின் மூலையில் தபால்தலை அளவில் ஒட்டினால் முதல் இரண்டு வரிசைக்கு மட்டும்தான் அது. பேசாமல் அழைப்பிதழின் பின்பக்கத்திலோ கழுத்தில் மாட்டும் அட்டையிலோ அச்சடித்துவிடலாம். ஸ்கேன் ஆகாதவர்களுக்காகப் பக்கத்திலேயே இணைய முகவரியையும் அங்கே உள்ளே நுழையத் தட்ட வேண்டிய எண்ணையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

வாக்கில் மேலே வருவதெல்லாம் நல்ல கேள்வி என்று நினைத்துவிடக் கூடாது. 2009 மார்ச்சில் அமெரிக்க வெள்ளை மாளிகை, பொருளாதாரம் குறித்து மக்கள் இணையத்தில் கேள்வி அனுப்பலாம், மற்றவர்கள் கேள்விக்கு வாக்களிக்கலாம் என்று அறிவித்தது. கூகுள் மாடரேட்டர் என்ற கருவியில் நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் கேள்விகள், 35 லட்சத்துக்கும் மேல் வாக்குகள். நாடு வேலை இழந்து தவித்துக்கொண்டிருந்த நேரம். வாக்குகளில் முன்னணிக்கு வந்த விஷயங்களில் ஒன்று கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவது. ‘இணையப் பார்வையாளர்களைப் பற்றி இது என்ன சொல்கிறதோ தெரியவில்லை’ என்று ஒபாமா சிரித்துக்கொண்டே சொல்லி, அது நல்ல யோசனை இல்லை என்று நகர்ந்தார்.

ஒன்றுசேர்ந்து வாக்குப் போடத் தெரிந்த கூட்டம் எந்தப் பட்டியலையும் வளைத்துவிடும். சதி எதுவும் இல்லாவிட்டாலும் முதலில் எழுதப்பட்ட கேள்விக்குச் சாதகம் அதிகம், ஏனென்றால் அதைத்தான் அதிகம் பேர் பார்த்திருப்பார்கள். பேச்சின் நாற்பதாவது நிமிடத்தில் வந்த கூர்மையான கேள்விக்கு இரண்டே வாக்குகள் இருக்கும். அதனால் பட்டியலை மேலிருந்து கீழாக அப்படியே வாசிக்காமல், மேலே இருப்பதில் இரண்டு, புதிதாக வந்ததில் ஒன்று, யாரும் கவனிக்காததில் ஒன்று என்று பொறுக்கி எடுக்க ஒரு மனிதர் தேவை.

இந்த மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

ஜெர்மனியில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாடு நடக்கிறது. 1984இல் தொடங்கியது. அரங்கத்துக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம், நேரலையில் பார்க்கிறவர்கள் இன்னொரு பக்கம். அங்கே தன்னார்வலர்கள் எல்லோரையும் ‘ஏஞ்சல்’ என்றுதான் அழைப்பார்கள். அதில் ஒரு பிரிவு ‘சிக்னல் ஏஞ்சல்’. அவர் வேலை ஒன்றே ஒன்று: மடிக்கணினியோடு அரங்கத்தில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து பார்க்கிறவர்கள் இணைய அரட்டையில் எழுதும் கேள்விகளைக் கவனித்து, கேள்வி நேரத்தில் மைக்கில் அவர்கள் சார்பாகக் கேட்பது. அரங்க மைக்குகளுக்கு எண் உண்டு. நெறியாளர் ‘இரண்டாம் எண்’, ‘நான்காம் எண்’ என்று வாய்ப்புக் கொடுத்துக்கொண்டே வருவார். இடையில் ‘இணையத்திலிருந்து ஒரு கேள்வி’ என்பார். சிக்னல் ஏஞ்சல் வாசிப்பார். வெளியூரில் போர்வைக்குள் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் ஒரு மைக் இருக்கிறது என்று அர்த்தம்.

கருவியைவிட இந்த ஏற்பாடுதான் பெரிது. மாநாட்டில் இருப்பவர்கள் நினைத்தால் எப்பேர்ப்பட்ட மென்பொருளையும் எழுதிவிடக் கூடியவர்கள். ஆனாலும் கடைசிப் பத்தடியைக் கடக்க ஒரு ஆளைத்தான் உட்கார வைக்கிறார்கள். நம் கூட்டங்களிலோ நேர்மாறு. கருவிக்குப் பணம் கட்டுவோம், க்யூஆர் போடுவோம், கேள்விகள் வந்து குவியும், நேரமாகிவிட்டது என்று ஒன்றைக்கூட எடுக்காமல் நன்றியுரைக்குப் போய்விடுவோம். அடுத்த அமர்வில் யாரும் எழுத மாட்டார்கள். எழுதிப் பயனில்லை என்று அதற்குள் தெரிந்திருக்கும். முதல் அமர்விலேயே, பேச்சு பாதியில் இருக்கும்போதே, ஒரு கேள்வியை எடுத்துப் பதில் சொல்ல வைத்துப் பாருங்கள். அதன்பிறகு கேள்விகள் தானாக வரும்.

துண்டுச் சீட்டும் வேண்டும். தொண்டர் ஒருவர் வரிசை வரிசையாகப் போய்ச் சீட்டு வாங்கி மேடையில் கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. அதற்கு நெட்வொர்க் தேவையில்லை, சார்ஜ் தேவையில்லை, எழுபது வயதுப் பெரியவர் கண்ணாடியைத் தேட வேண்டியதுமில்லை. சீட்டில் வந்ததையும் கைபேசியில் வந்ததையும் ஒரே ஆள் கையில் சேர்த்துவிடுங்கள், போதும்.

வாக்கெடுப்பு: எப்போது, எதற்கு

‘இன்று எப்படி உணர்கிறீர்கள்?’ என்று தொடங்கும் வாக்கெடுப்புகளைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். விடை எதுவானாலும் பேச்சு மாறாது என்றால் அந்தக் கேள்வி எதற்கு?

வாக்கெடுப்பை உருப்படியாகப் பயன்படுத்திக் காட்டியவர் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர். 1990களின் தொடக்கத்திலிருந்து அவர் வகுப்பில் நடந்தது இது. கொஞ்ச நேரம் பாடம். பிறகு கணக்குப் போட வேண்டியிராத, ஆனால் யோசிக்க வேண்டிய ஒரு கேள்வி, நான்கு விடைகளுடன். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைத் தெரிவிப்பார்கள். தொடக்கத்தில் கையையோ அட்டையையோ தூக்கி, பிறகு ரிமோட் போன்ற கருவியை அழுத்தி. பெரும்பாலோர் சரியாகச் சொன்னால் அடுத்த தலைப்புக்குப் போவார். பெரும்பாலோர் தவறாகச் சொன்னால் மறுபடி விளக்குவார். இரண்டுக்கும் நடுவில், ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் பேர் சரி என்றால், சரியான விடையைச் சொல்லாமல் ‘பக்கத்தில் வேறு விடை சொன்னவரைத் தேடி, உங்கள் விடைதான் சரி என்று அவரை ஏற்கவையுங்கள்’ என்பார். வகுப்பே சந்தைக்கடை ஆகும். சில நிமிடம் கழித்து அதே கேள்விக்கு மறுபடி வாக்கெடுப்பு. சரியான விடை சொல்கிறவர்கள் எண்ணிக்கை பெரும்பாலும் ஏறியிருக்கும்.

கருத்தரங்கிலும் இதைச் செய்யலாம். சொட்டுநீர்ப் பாசனம் பற்றிய கூட்டம் என்றால், ‘இந்த நிலத்துக்கு வாரத்தில் எத்தனை முறை தண்ணீர் விடுவீர்கள்?’ என்று முதலில் கேட்டுவிட்டு, விவசாயிகளைப் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாட விட்டு, பிறகு நிபுணரைப் பேசச் சொன்னால், அவர் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் கேட்பார்கள். ஏனென்றால் இப்போது அவர்களுக்கு அதில் ஒரு கட்சி இருக்கிறது.

எல்லோரும் ஒரு சொல்லை எழுத, அதிகம் வந்த சொல் பெரிதாகத் தெரியும் சொல் மேகம் இன்னொரு பிரபலமான வகை. தமிழில் இதற்கு ஒரு தொல்லை. ‘பள்ளி’, ‘பள்ளிகள்’, ‘பள்ளியில்’ மூன்றும் கருவிக்கு வேறு வேறு சொற்கள். ‘வேலைவாய்ப்பு’ என்று சேர்த்து எழுதுகிறவரும் ‘வேலை வாய்ப்பு’ என்று பிரித்து எழுதுகிறவரும் வேறு வேறு கட்சி. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்கள் தனி. பெரிதாக வர வேண்டிய சொல் ஐந்தாகச் சிதறி மூலைக்கு ஒன்றாகக் கிடக்கும். தமிழ்க் கூட்டத்தில் சொல் மேகத்தைவிட, விடைகளை நீங்களே கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது மேல்.

போட்டிபோல் நடத்த நார்வேக்காரர்களின் கஹூட் இருக்கிறது. பிள்ளைகள் கூட்டத்தில் களைகட்டும். ஓய்வூதியர் சங்கத்தில் வேகமாகத் தட்டுகிறவருக்கு மதிப்பெண் என்றால் சண்டைதான் வரும்.

நெட்வொர்க் படுத்தும்போது

2010 ஜூன் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன் 4ஐ அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். செயல்விளக்கத்தின் நடுவில் இணையப் பக்கம் திறக்கவில்லை. சிறிது நேரம் கழித்து மேடையிலிருந்தே காரணத்தைச் சொன்னார்: அரங்கத்துக்குள் 570 வைஃபை நிலையங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. வந்திருந்த செய்தியாளர்கள் பையில் வைத்திருந்த கையடக்க ஹாட்ஸ்பாட்டுகள்தான் அவற்றில் பெரும்பகுதி. மடிக்கணினிகளை மூடித் தரையில் வையுங்கள், வைஃபையை அணையுங்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொண்ட பிறகே விளக்கம் தொடர்ந்தது.

ஆப்பிளுக்கே அந்தக் கதி என்றால் கல்யாண மண்டபத்தில் நம் கதி என்ன? வைஃபை என்பது ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுவது மாதிரி: ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் வரம்பில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. முந்நூறு பேருக்கு ஒரு ரவுட்டரை மூலையில் வைத்தால், இணைய வேகம் எவ்வளவு வாங்கியிருந்தாலும் பயனில்லை. அடைப்பு ரவுட்டர் வாசலிலேயே ஏற்படும். வாக்கெடுப்புக்கு ஒரு கைபேசி அனுப்பும் தரவு மிகக் கொஞ்சம். எல்லோரும் ஒரே பத்து விநாடிக்குள் ஸ்கேன் செய்வதுதான் பிரச்சினை.

எனவே, பார்வையாளர்களை அவரவர் மொபைல் டேட்டாவில் விட்டுவிடுவது நல்லது. திரையோடு இணைத்த கணினிக்கும் நேரலைக் கணினிக்கும் வைஃபை வேண்டாம், கம்பி இணைப்பு கொடுங்கள். முந்தைய நாள் காலி மண்டபத்தில் சோதித்துவிட்டு ‘பிரமாதமாக ஓடுகிறது’ என்று திரும்பி வராதீர்கள். நெரிசலைக் காலி மண்டபம் காட்டாது. மண்டபத்துக்குள் எந்த மூலையில் எந்த நிறுவன சிக்னல் விழுகிறது என்பதை மட்டும் அன்று பார்த்துக்கொள்ளலாம். இலவசக் கணக்கில் எத்தனை பேர் சேர முடியும் என்ற வரம்பையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

யூடியூப் நேரலை இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. வீட்டில் பார்ப்பவர் உங்களைவிடப் பல விநாடிகள் பின்னால் இருக்கிறார். அமைப்பில் தாமதத்தைக் குறைக்கும் தேர்வுகள் உண்டு என்றாலும் முழுக்கப் போகாது. அரங்கத்தில் ‘வாக்கெடுப்பு முடிந்தது’ என்று மூடும்போதுதான் அவர் திரையில் கேள்வியே தோன்றியிருக்கும். ஒரு நிமிடமாவது திறந்து வையுங்கள்.

படமும் எண்ணும்

வெளியே போகும் மூன்றாவது திசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் அதில் கைதேர்ந்தவர்கள். யாரை எடுக்கிறோம் என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். சில பன்னாட்டு மாநாடுகளில் படம் எடுக்க வேண்டாம் என்பவர்களுக்கு வேறு நிறக் கழுத்துப்பட்டையோ ஒட்டியோ கொடுக்கிறார்கள். பெண்கள் அதிகம் வரும் பயிற்சி வகுப்புகளில் இதை நாமும் செய்யலாம், செலவு ஒன்றும் பெரிதில்லை.

வாட்ஸ்அப் குழுவில் இப்போது 1,024 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் சேர்ந்த எல்லோருடைய எண்ணும் சேர்ந்த எல்லோருக்கும் தெரியும். அறிவிப்புக்கு மட்டும் என்றால் எண்ணைக் காட்டாத வாட்ஸ்அப் சேனல் போதும். கேள்வி வாங்குவதற்கு என்றால், ஸ்கேன் செய்ததும் அமைப்பாளர் எண்ணோடு தனி உரையாடல் திறக்கும்படி க்யூஆர் கொடுக்கலாம். வருகைப் பதிவில் வாங்கிய எண்களை ஆதரவாளர் நிறுவனத்துக்குக் கொடுப்பது பழைய பழக்கம். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

கூட்டம் முடிந்த அன்று இரவே கேள்விப் பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் கிடைக்காதவற்றில் நல்லதாக ஐந்தாறைப் பேச்சாளருக்கு அனுப்பினால், பெரும்பாலோர் குரல் பதிவாகவாவது பதில் தருவார்கள். அதைக் குழுவில் போட்டுவிட்டு, நிர்வாகி மட்டும் செய்தி அனுப்பும்படி குழுவைப் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் மறுநாள் காலையிலிருந்து ரோஜாப்பூ போட்ட ‘குட் மார்னிங்’ வரத் தொடங்கிவிடும்.